புதுப் பேட்டரி, புது ஆல்டர்னேட்டர். ஆனாலும் சார்ஜ் ஏறவில்லை

கேள்வி, ஜூன் 2

இருபது ஆண்டுப் பழைய பெட்ரோல் கார். பேட்டரி இறங்கிக்கொண்டே இருந்தது, மாற்றினேன். பிறகு, எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரை மாற்றினேன். அதுவும் சரியில்லை என்று இன்னொன்றை மாற்றினேன். கழற்றிய இரண்டையும் மேசையில் வைத்துச் சுழற்றிப் பார்த்தார்கள், இரண்டும் ஒழுங்காக வேலை செய்தன. வண்டியில் பூட்டினால் எஞ்சின் ஓடும்போதும் பேட்டரியில் 12.1 வோல்ட்தான். சில நாட்களில் தானாகவே சரியாகி 14க்கு மேல் காட்டுகிறது, மறுநாள் பழைய கதை. வயரிங் முழுவதையும் மாற்றிவிடு என்கிறார்கள். மாற்றலாமா?

ஜூன் 2, இரவு

மாற்ற வேண்டாம். இனி எதையுமே மாற்ற வேண்டாம். மேசையில் ஓடுகிறது, வண்டியில் ஓடவில்லை என்றால் மேசையில் இருந்த ஏதோ ஒன்று வண்டியில் இல்லை. அது எது என்று தேடுங்கள்.

முதலில் மூன்று தகவல் வேண்டும். சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் வைத்திருக்கும்போது மீட்டர் பலகையில் பேட்டரி விளக்கு எரிகிறதா? எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த வயர் இறுக்கியிருக்கும் போல்ட்டில் எத்தனை வோல்ட்? பேட்டரியில் எத்தனை? இரண்டையும் ஒரே மீட்டரால் அளந்து எழுதுங்கள்.

ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. எழுதாதவர்கள் பெரும்பாலும் பார்க்காதவர்கள். உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தால் வழுக்குகிறது என்று பொருள்.

ஜூன் 3, காலை

அவர் பதில்: பெல்ட் புதிது, இறுக்கம் சரி. ஆல்டர்னேட்டரில் 12.1, பேட்டரியிலும் 12.1. விளக்கு “எரிகிறது, லேசாக”.

இரண்டு இடத்திலும் ஒரே அளவு வருவது நல்ல செய்தி. ஆல்டர்னேட்டரில் 14, 15 என்று இருந்து பேட்டரியில் 12 மட்டும் இருந்தால் நடுவிலுள்ள பெரிய ஃபியூஸோ வயரோ அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். இங்கே ஆல்டர்னேட்டர் உற்பத்தியையே தொடங்கவில்லை. பேட்டரியின் வோல்ட்தான் வயர் வழியாக அதன் முதுகில் வந்து நிற்கிறது.

ஏன் தொடங்கவில்லை? ஆல்டர்னேட்டருக்குள் நிலையான காந்தம் கிடையாது. நடுவில் சுழலும் ரோட்டர் என்பது ஒரு மின்காந்தம். அதன் சுருளுக்குக் கொஞ்சம் மின்னோட்டத்தை வெளியிலிருந்து கொடுத்தால்தான் அது காந்தமாகும். காந்தம் சுழன்றால்தான் சுற்றி அசையாமல் நிற்கும் கம்பிச் சுருளான ஸ்டேட்டரில் மின்சாரம் பிறக்கும். ஒருமுறை பிறந்துவிட்டால் அதிலிருந்தே ரோட்டருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும், வெளியுதவி தேவையில்லை. அந்த முதல் உதவி உங்கள் வண்டியின் காலத்து அமைப்பில் பெரும்பாலும் பேட்டரி விளக்கு வழியாகத்தான் போகிறது. விளக்கு வெறும் எச்சரிக்கைக்கு என்று நினைப்பவர்கள் பலர். அது சுற்றின் ஓர் அங்கம். விளக்கு போய்விட்டால் ஆல்டர்னேட்டர் விழிக்காது, விளக்கும் எரியாது, ஓட்டுபவர் எல்லாம் சரி என்று போய்க்கொண்டிருப்பார்.

“லேசாக” என்பதில் எனக்கு ஐயம் விழுந்துவிட்டது. எவ்வளவு லேசாக?

ஜூன் 3, மாலை

இடையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: “எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் முனையைக் கழற்றுங்கள். வண்டி நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது. என் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான்.”

அப்பா காலத்து வண்டியில் மின்னணுப் பாகம் எத்தனை இருந்தது, ஐயா? ஒன்றிரண்டு பல்பு, ஓர் ஒலிப்பான், இக்னிஷன் காயில். இன்றைக்கு அதே வேலையைச் செய்தால், மின்னோட்டத்தை வாங்கிக்கொண்டிருந்த பேட்டரி திடீரென்று விலகுகிறது. ரோட்டரில் ஏறியிருக்கும் காந்தம் அதே நொடியில் இறங்காது. போக வழியில்லாமல் வோல்ட் தாவுகிறது, ஆல்டர்னேட்டரில் தடுப்பு இல்லாவிட்டால் நூறு வோல்ட் அளவுக்குக்கூடப் போகும். வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர், மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி எல்லாம் அந்த அடியை வாங்குகின்றன. வண்டி நிற்கவில்லை என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே கணினி செத்துப்போயிருக்கும்.

இதை யாரும் செய்ய வேண்டாம். மீட்டர் இல்லாவிட்டால் சும்மா இருங்கள், அதுவே மேல்.

ஜூன் 3, இரவு

ஆல்டர்னேட்டருக்கு முன் அதே வேலையைச் செய்த டைனமோவைப் பற்றி இன்னொருவர் கேட்டிருப்பதால் கொஞ்சம் விலகிப் போகிறேன். கார்களில் 1960 வரை டைனமோ ஆட்சிதான். அந்த ஆண்டு கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொதுப்பாகமாக வைத்தது, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். சிலிக்கான் டயோடு கைக்கடக்கமாகவும் கட்டுப்படியாகவும் வந்த பிறகுதான் இது முடிந்தது. டைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. இரவில் முகப்பு விளக்கோடு நெரிசலில் நின்றால் பேட்டரியைத் தின்னும். தாத்தா வண்டியில் சிக்னலில் நிற்கும்போது விளக்கு மங்கிப் பிறகு பிரகாசமாகும் என்று சொல்வார்களே, அது இதனால்தான்.

ஜூன் 4

சரி, வேலைக்கு வருவோம். மீட்டரே வேண்டாத ஒரு சோதனை இருக்கிறது. எஞ்சின் நின்றிருக்கட்டும். சாவியை மட்டும் ‘ஆன்’ நிலைக்குத் திருப்புங்கள். ஓர் இரும்பு ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டர் பின்புறத்தில், அச்சின் பேரிங் இருக்கும் இடத்துக்கு அருகில் கொண்டுபோங்கள். அங்கே கை நுழையாவிட்டால் முன்புறம் புல்லியின் நடு நட்டுக்கு அருகில். பக்கத்தில் உள்ள தடித்த வயரின் போல்ட்டைத் தொட்டுவிடாதீர்கள், அதில் எப்போதும் பேட்டரியின் மின்சாரம் இருக்கிறது.

ரோட்டர் காந்தமாகியிருந்தால் ஸ்க்ரூடிரைவர் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பிடுங்கி எடுக்கும்போது கைக்குத் தெரியும். சாவியை அணைத்தால் பிடி விட்டுப்போகும். சாவி போட்டும் ஒட்டவில்லை என்றால் சுருளுக்கு மின்னோட்டம் போகவில்லை. சுழலும் சுருளுக்கு மின்னோட்டத்தைக் கொண்டுசேர்க்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், சுருள் அறுந்திருக்கலாம், வெளியிலிருந்து வரவேண்டியது வராமலிருக்கலாம். சில வண்டிகளில் எஞ்சின் கிளம்பிய பிறகுதான் ரெகுலேட்டர் சுருளுக்கு முழு மின்னோட்டம் விடும், அங்கே இது செல்லாது. உங்களுடையதில் செல்லும்.

ஜூன் 4, மதியம்

“ஒட்டுகிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை, ஏதோ இழுப்பது போல இருக்கிறது” என்கிறார். விளக்கும் லேசாக, காந்தமும் லேசாக. இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன.

ஆல்டர்னேட்டரிலிருந்து சின்ன பிளக்கைக் கழற்றுங்கள். அதில் விளக்குக்குப் போகும் வயர் எது என்று வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உறுதி செய்யுங்கள். பெரும்பாலும் எல் அல்லது டி பிளஸ் என்று குறித்திருக்கும். பக்கத்திலேயே பேட்டரியிலிருந்து நேராக வரும் வயர் சில வண்டிகளில் உண்டு, அதை எர்த் செய்தால், அதாவது வண்டியின் உடலில் தொட்டால், ஃபியூஸ் எரியும். சரியான வயரை எஞ்சின் உடலில் தொட்டு, சாவியைப் போடுங்கள். விளக்கு பிரகாசமாக எரிந்தால் விளக்கும் வயரும் நல்லவை, கோளாறு ஆல்டர்னேட்டருக்குள். எரியாவிட்டால் கோளாறு விளக்கிலோ ஃபியூஸிலோ வயரிலோ.

ஜூன் 4, இரவு

அவர் தொட்டுப் பார்த்தார். விளக்கு “நன்றாகவே, வெள்ளை வெளேரென்று” எரிந்ததாம். ஆகவே வயர் நல்லது, மூன்றாவது ஆல்டர்னேட்டர் வாங்கக் கிளம்புகிறார்.

நில்லுங்கள். வெள்ளை வெளேரென்றா? இருபது ஆண்டுப் பழைய வண்டியின் மீட்டர் பலகையில் இருக்கும் இழை பல்பு சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மந்தமான செம்மஞ்சளாக எரிய வேண்டும். மீட்டர் பலகையில் யாராவது கை வைத்தார்களா?

ஜூன் 5, காலை

கை வைத்தவர் அவரேதான். “பல்புகள் மங்கலாக இருந்தன, எல்லாவற்றையும் எல்இடி ஆக்கினேன். அதற்கும் சார்ஜுக்கும் என்ன தொடர்பு என்று நினைத்துச் சொல்லாமல் விட்டேன்.” முதல் பேட்டரி இறங்கத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதானாம்.

தொடர்பு இதுதான். அந்த இடத்தில் இருந்த பல்பு 2 வாட் என்று வையுங்கள். 12 வோல்ட்டில் ஏறக்குறைய 170 மில்லி ஆம்பியர் அதன் வழியாக ரோட்டருக்குப் போயிருக்கும். ரோட்டரின் மின்தடை சில ஓம்தான், ஆகவே எவ்வளவு போகும் என்பதைத் தீர்மானிப்பது பல்பு. எல்இடி அதே வெளிச்சத்தைச் சில மில்லி ஆம்பியரிலேயே தந்துவிடும், அதன் பெருமையே அதுதான். அந்தச் சொற்பத்தில் ரோட்டர் காந்தமாவதற்குப் பதில் கனவு கண்டுகொண்டிருக்கிறது.

பிறகு சில நாட்கள் மட்டும் எப்படிச் சரியாகிறது? ரோட்டரின் இரும்பில் கொஞ்சம் காந்தம் எப்போதும் தங்கியிருக்கும். எஞ்சினை உரக்க முடுக்கினால் அந்த எச்சக் காந்தமே போதுமான வோல்ட்டை எழுப்பி, அது சுருளுக்குத் திரும்பி, காந்தம் வலுத்து, ஒரு கட்டத்தில் பற்றிக்கொள்ளும். கிளப்பியவுடன் நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதித்த நாட்களில் சார்ஜ் ஏறியிருக்கும். மெதுவாகக் கிளம்பிய நாட்களில் ஏறியிருக்காது. கேட்டுப் பார்த்தேன், நெடுஞ்சாலையில் போகும் நாளெல்லாம் நன்றாக இருந்ததாம்.

மேசையில் எல்லா ஆல்டர்னேட்டரும் தேறியதற்கும் விடை இங்கே இருக்கிறது. மேசையில் எழுப்பிவிடும் மின்னோட்டத்தைச் சோதனைக் கருவியே கொடுத்துவிடுகிறது.

ஜூன் 5, சற்றுப் பிறகு

விளக்குச் சோதனையைப் பற்றி மேலே எழுதியதில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பார்ப்பது இழை பல்புக்குப் போதும். எல்இடி இருந்தால் போதாது, ஏனென்றால் அது வெறும் மூச்சுக்காற்றிலும் எரியும். அங்கே மீட்டரை மில்லி ஆம்பியர் அளவைக்கு மாற்றி, அந்த வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். விளக்கு இடையில் இருப்பதால் மீட்டருக்கு ஆபத்தில்லை. நூறுக்கு மேல் என்றால் நல்லது. அவருடையதில் பதினான்கு.

ஜூன் 5, இரவு

“அப்படியானால் எல்இடி போட்ட எல்லா வண்டியும் நின்றிருக்க வேண்டுமே?” நியாயமான கேள்வி. பல வண்டிகளில் விளக்குக்கு இணையாக ஒரு மின்தடையை மீட்டர் பலகையிலேயே வைத்திருப்பார்கள். பல்பு எரிந்துபோனாலும் ஆல்டர்னேட்டர் எழும்ப வேண்டும் என்ற முன்யோசனை. இன்னும் பல ரெகுலேட்டர்கள் இக்னிஷனிலிருந்து தனி வயரில் மின்சாரம் எடுத்துக்கொள்ளும், விளக்கு வயர் வெறும் சைகைக்கு. அந்த வண்டிகளில் எல்இடி ஒன்றும் செய்யாது. இவருடையதில் மின்தடையும் இல்லை, தனி வயரும் இல்லை.

எல்இடி வைத்தே தீரவேண்டும் என்றால் அதற்கு இணையாக 100 ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவையுங்கள். 120 மில்லி ஆம்பியர் போகும், ஒன்றரை வாட் சூடு பிறக்கும், ஆகவே 3 வாட் தாங்கக்கூடியதாக வாங்க வேண்டும். கால் வாட் மின்தடையைப் போட்டால் மீட்டர் பலகை கருகும். பழைய பல்பையே திரும்பப் போடுவது ஒரு நிமிட வேலை.

இந்த விளக்கின் இன்னொரு குணமும் எல்இடியால் போய்விடுகிறது. விளக்கின் ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் ஆல்டர்னேட்டர். இரண்டும் சமமானால் அணைகிறது. ஆல்டர்னேட்டர் பக்கம் பேட்டரியைவிட ஒன்றிரண்டு வோல்ட் உயர்ந்துவிட்டாலும் இழை பல்பு எதிர்த்திசையில் மங்கலாக எரியும். நடுவில் ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது என்று சொல்லும் அருமையான குறிப்பு அது. எல்இடி ஒரு திசையில் மட்டும் எரியும் பிறவி, அதைச் சொல்லாது.

ஜூன் 6

வேறொருவர்: “என் வண்டி புதியது. ஓடும்போது 12.7 காட்டுகிறது, சில நேரம் 14.8. ஆல்டர்னேட்டர் போய்விட்டதா?”

போகவில்லை. 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும் என்பது பழைய ரெகுலேட்டருக்கான கணக்கு. உங்கள் வண்டியில் ஆல்டர்னேட்டர் எத்தனை வோல்ட் தரவேண்டும் என்று எஞ்சின் கணினி கட்டளையிடுகிறது. எரிபொருளை மிச்சப்படுத்த, சீராக ஓடும்போது சார்ஜைக் குறைக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், வண்டியின் வேகத்தையே பயன்படுத்திக் கூட்டும். பேட்டரியின் எதிர்முனையில் (மைனஸ்) விரல் அளவுக்கு ஒரு பெட்டி பூட்டியிருந்தால் அதுதான் பேட்டரியின் நிலையைக் கணினிக்குச் சொல்லும் உணரி. முகப்பு விளக்கு, காற்றாடி, பின் கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். வோல்ட் ஏறினால் கவலையை விடலாம். அப்போதும் 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் பேசுவோம்.

அந்த வண்டிகளில் வெளி சார்ஜரின் எதிர்முனைக் கவ்வியைப் பேட்டரி முனையில் மாட்டாமல் உடலின் எர்த் புள்ளியில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் உணரியின் கணக்கு தப்பும்.

ஜூன் 7

முதல் நண்பர் பழைய பல்பைப் போட்டார். கிளப்பியவுடனேயே, முடுக்காமலே, 14.2. வாழ்த்துகள் குவிகின்றன. நான் இன்னும் வாழ்த்தவில்லை. முகப்பு விளக்கு, காற்றாடி, பின் கண்ணாடிச் சூடேற்றி மூன்றையும் போட்டு, எஞ்சினை 2000 சுற்றில் பிடித்து மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 7, இரவு

நினைத்தது போலவே. ஆல்டர்னேட்டரில் 14.1, பேட்டரியில் 13.1. ஒரு முழு வோல்ட் வழியில் காணாமல் போகிறது.

சும்மா இருக்கும்போது 14.2 காட்டியது அல்லவா, அதில் ஏமாந்துவிடக் கூடாது. மின்னோட்டம் குறைவாக இருந்தால் எவ்வளவு மோசமான இணைப்பும் முழு வோல்ட்டைக் கடத்திவிடும். இணைப்பு துருவேறி அதன் மின்தடை சில ஓம் ஆகியிருந்தாலும் மீட்டர் 12.6 என்று காட்டும். ஏனென்றால் மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஒன்றுமே இல்லை. அதே இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை வைத்துப் பாருங்கள், சிவந்து அடங்கிவிடும். இதனால்தான் என் பெட்டியில் மீட்டருக்குப் பக்கத்தில் இரண்டு வயர் பற்றவைத்த பழைய பிரேக் விளக்கு பல்பு எப்போதும் கிடக்கிறது. மீட்டர் சொல்லாத உண்மையை அது பலமுறை சொல்லியிருக்கிறது.

இப்போது எல்லாச் சுமையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டர் போல்ட்டிலும் கறுப்பு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் வையுங்கள். பேட்டரி முனை என்றால் கவ்வியில் அல்ல, ஈயத் தூணின் மண்டையில். வருகிற எண், அந்த வழியில் தொலைகிற வோல்ட். 0.2, 0.3 வரை பொறுக்கலாம். பிறகு ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் நடுவில் அதேபோல். எர்த் பக்கத்தை அளக்க எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். போகிற மின்னோட்டம் அத்தனையும் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

பெல்ட்டிலும் காற்றாடியிலும் சட்டைக் கையும் மீட்டர் வயரும் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 8

நேர்ப் பக்கம் 0.85, எர்த் பக்கம் 0.15. கூட்டினால் அந்த ஒரு வோல்ட். எர்த் நல்லது.

கறுப்பு முனையை ஒவ்வோர் இணைப்பாக ஆல்டர்னேட்டரை நோக்கி நகர்த்திக்கொண்டே வரச் சொன்னேன். பேட்டரி மண்டையில் 0.85. கவ்வியில் 0.84. கவ்வியோடு சேர்ந்த ஃபியூஸ் பெட்டியின் தகட்டில் 0.82. அடுத்த நட்டுக்கு அந்தப் பக்கம், ஆல்டர்னேட்டர் வயரின் வளையத்தில், 0.07. ஒரே நட்டில் முக்கால் வோல்ட். சுமார் 40 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது என்றால் 30 வாட் அந்த ஓர் இடத்தில் சூடாகிறது. கை வைத்தால் சுடுகிறது என்று அவரே எழுதினார்.

படம் அனுப்பியிருந்தார். நட்டு கையாலேயே திரும்புகிறது. வளையத்தின் முகத்தில் செம்பு நிறமே இல்லை, கறுத்து நீலம் பாய்ந்திருக்கிறது. வயரின் உறை ஓர் அங்குல நீளத்துக்கு விறைத்து, வளைத்தால் வெடிக்கிறது. பேட்டரியை மாற்றும்போது அந்தப் பெட்டியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றியவர் திரும்ப இறுக்கவில்லை. ஆக, இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்ததில் இரண்டாவது நோய் வந்து சேர்ந்திருக்கிறது.

வளையத்தை வெட்டிவிட்டுப் புதிதாக அழுத்திப் பொருத்துங்கள். உறை விறைத்த பகுதியையும் சேர்த்து வெட்ட வேண்டும். தகட்டின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்க விடுங்கள். முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு இதையெல்லாம் செய்யுங்கள்.

ஜூன் 8, இரவு

எர்த் பக்கத்தைப் பற்றி எழுதியதும் என்னுடைய பழைய வண்டி நினைவுக்கு வந்தது. எஞ்சினையும் உடலையும் இணைக்கும் பின்னல் பட்டை எப்போதோ அறுந்து விழுந்திருக்கிறது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருப்பதால் மின்னோட்டத்துக்கு வேறு வழியில்லை. செல்ஃப் மோட்டாருக்குப் போகிற நூற்றுக்கணக்கான ஆம்பியரும் கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கிளட்ச் கனத்துக்கொண்டே வந்தது, கேபிள் தேய்ந்துவிட்டது என்று நினைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் வண்டியைக் கிளப்பும்போது பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர், கேபிள் உறையிலிருந்து புகை வருகிறது என்று கத்தினார். உள்ளே பிளாஸ்டிக் குழாய் உருகிக் கம்பியோடு ஒட்டிப்போயிருந்தது. பின்னல் பட்டையைப் புதிதாகப் பூட்டியதும் செல்ஃப் சீறிக்கொண்டு சுற்றியது. அதுநாள் வரை அது முனகியே சுற்றியதை நாங்கள் வண்டியின் வயது என்று எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 9

தன் மோட்டார் சைக்கிளிலும் சார்ஜ் ஏறவில்லை என்று எழுதியவருக்கு: மேலே சொன்ன ரோட்டர், விளக்கு, எழுப்பும் மின்னோட்டம் எதுவும் உங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. உங்கள் வண்டியில் சுழல்வது நிலையான காந்தம், யாரும் எழுப்ப வேண்டியதில்லை. ஸ்டேட்டரிலிருந்து மூன்று வயர் வரும், பல வண்டிகளில் மூன்றும் மஞ்சள். அந்த பிளக்கைக் கழற்றி, மீட்டரை மாறுமின் வோல்ட்டில் வைத்து, இரண்டிரண்டாக மூன்று சோடியையும் அளந்து பாருங்கள். எஞ்சினை முடுக்க முடுக்க மூன்றும் ஒரே மாதிரி ஏற வேண்டும். எவ்வளவு என்பது உங்கள் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஒரு சோடி மட்டும் பின்தங்கினால் ஸ்டேட்டர் போயிற்று. எஞ்சினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு மஞ்சள் வயருக்கும் எஞ்சின் உடலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருக்கவே கூடாது.

மூன்றும் நல்லவை என்றால் ரெகுலேட்டர். ஆனால் அதை வாங்கும் முன் அந்த பிளக்கின் உள்ளே எட்டிப் பாருங்கள். மூன்றில் ஒரு குழி பழுத்துக் கறுத்திருந்தால் திருடன் அவன்தான்.

முகப்பு விளக்கை எல்இடி ஆக்கினால் ஸ்டேட்டருக்கு ஓய்வு கிடைக்கும் என்று அவர் நம்புகிறார். பல மோட்டார் சைக்கிள்களின் ரெகுலேட்டர், வேண்டாத மின்சாரத்தைக் குறுக்குச் சுற்றில் திருப்பி விடும் வகை. சுமை குறைந்தால் திருப்பி விட வேண்டியது கூடும், ரெகுலேட்டர் இன்னும் சூடாகும். இந்த உரையாடலில் எல்இடி விளக்குக்கு இரண்டாவது குற்றப்பத்திரிகை இது.

ஜூன் 10

முதல் நண்பர்: சுமையோடு ஆல்டர்னேட்டரில் 14.1, பேட்டரியில் 13.8. இப்போது வாழ்த்துகிறேன்.

ஜூன் 12

“ஓடும்போது 14 வருகிறது, ஆனால் இரவு நிறுத்தி வைத்தால் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை” என்று புதிதாக ஒருவர். இது வேறு நோய், ஆனால் ஆல்டர்னேட்டரை முற்றிலும் விடுவித்துவிட முடியாது. அதற்குள் ஆறு டயோடுகள், ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மாறுமின்னோட்டங்களையும் நேர்மின்னோட்டமாக்குகின்றன. ஒன்று கசிந்தால் வண்டி நின்ற பிறகு பேட்டரியின் மின்சாரம் அதன் வழியாகப் பின்னோக்கி வடியும். எஞ்சின் ஓடும்போது மீட்டரை மாறுமின் வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் அளந்து பாருங்கள். 0.1க்குள் இருந்தால் டயோடுகள் நல்லவை. 0.5ஐத் தாண்டினால் ஏதோ ஒன்று போய்விட்டது. வானொலியில் எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு முனகல் கேட்டால் அதுவும் இந்த வீட்டுச் சத்தம்தான்.

டயோடு நல்லது என்றால், வண்டியைப் பூட்டி, கணினிகள் உறங்கும் வரை அரை மணி நேரம் விட்டு, எதிர்முனையில் மீட்டரைத் தொடராக வைத்து வடிவதை அளக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் என்றால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணிதான், தாங்கும். அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குங்கள், எதில் விழுகிறதோ அங்கே திருடன். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ஜூன் 13

முதல் நண்பருக்குக் கடைசிக் கேள்வி: இத்தனை நாள் அரைகுறையாகக் கிடந்த புதுப் பேட்டரியை ஆல்டர்னேட்டரே நிரப்பிக்கொள்ளுமா? ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரளவு நிரப்பும். ஆனால் அடியோடு இறங்கிய பேட்டரியை அதன் தலையில் கட்டினால் அது நீண்ட நேரம் முழு மூச்சில் உழைத்துச் சூடேறும், டயோடுகளுக்கு நல்லதல்ல. வெளி சார்ஜரில் போடுங்கள். 60 ஆம்பியர் மணிப் பேட்டரிக்கு 6 ஆம்பியர், காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்பு இல்லாமல். நிரம்பிய பிறகு கழற்றி ஓர் இரவு சும்மா வைத்துவிட்டுக் காலையில் அளந்து பாருங்கள். சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் வரும் எண் பொய்.

12.6 என்றால் பிழைத்துவிட்டது. 12.2 என்றால் நிரம்பவே இல்லை, மீண்டும் சார்ஜில் போடுங்கள். மறுபடியும் அதே எண் வந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டிப்பட்டிருக்கிறது, உத்தரவாதச் சீட்டைத் தேடுங்கள். 10.5 என்றால் ஆறு செல்களில் ஒன்று உள்ளேயே குறுக்குச் சுற்றாகிவிட்டது. அதை வண்டியில் மாட்டவே வேண்டாம், மூன்றாவது ஆல்டர்னேட்டரை உண்மையிலேயே வாங்க வைத்துவிடும்.